லேக் குறைய எதில் கை வைப்பது: கேபிளிலா, வைஃபையிலா, ரௌட்டர் வரிசையிலா?

விடுமுறைக்கு அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது, இரவு ஒன்பது மணி வாக்கில் அக்கா மகன் கையில் கண்ட்ரோலரோடு வந்து நின்றான்.

"மாமா, மறுபடியும் சிக்குது. நான் பாஸ் அடிச்சு அரை செகண்ட் கழிச்சுதான் பந்து போகுது. பெரிய பிளானுக்கு மாறச் சொல்லி அப்பாகிட்ட நீங்க சொல்லுங்களேன்."

அந்த வீட்டு இணைப்பில் டவுன்லோடு 100 எம்பிபிஎஸ், அப்லோடு 10. ஸ்பீடு டெஸ்ட் ஓட்டிப் பார்த்தால் இரண்டும் சொன்னபடியே வந்தன. லேப்டாப்பை ரௌட்டரில் கேபிளால் மாட்டி இரண்டு கறுப்பு விண்டோக்களைத் திறந்தேன். ஒன்றில் ரௌட்டருக்கே பிங், அதாவது ஒரு சின்னச் செய்தி போய்த் திரும்ப ஆகும் நேரம். இன்னொன்றில் வெளியே உள்ள ஒரு சர்வருக்கு. முதலாவது 1 மில்லிசெகண்டைத் தாண்டவில்லை. இரண்டாவதில் 28, 29, 28 என்று எறும்புச் சாரை போல எண்கள் போய்க்கொண்டிருந்தன. திடீரென்று 140. அடுத்தது 390. அப்புறம் 410, 405, 420. அறைக்குள்ளிருந்து "போச்சு!" என்று சத்தம்.

கூடத்தில் அக்காவின் போன் சார்ஜரில் கிடந்தது. பகலில் எடுத்த வீடியோக்களை அது தன்பாட்டுக்குக் கிளவுடில் ஏற்றிக்கொண்டிருந்தது. போனை ஏரோபிளேன் மோடில் போட்டேன். பிங் 29-க்கு இறங்கிவிட்டது.

"இப்ப சரியா ஓடுது மாமா. என்ன செட்டிங்ஸ் மாத்தினீங்க?"

"உங்கம்மா போனை அணைச்சேன்."

"தினமும் அணைக்க முடியுமா?"

நியாயமான கேள்வி. லேக் என்று வந்துவிட்டால் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். பெரிய பிளான் எடு, கேமிங் ரௌட்டர் வாங்கு, கேபிள் இழு, க்யூஓஎஸ் போடு, டிஎன்எஸ் மாற்று, நேட் டைப்பை ஓப்பன் ஆக்கு. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்வதால் எல்லாம் ஒரே எடை போலத் தெரிகிறது. அப்படி இல்லை. என் கணக்கில் இரண்டுதான் முதலில் செய்ய வேண்டியவை: கன்சோலுக்குக் கேபிள், ரௌட்டரில் வரிசையைக் கட்டுக்குள் வைப்பது. மற்றவற்றில் சில குறிப்பிட்ட நோய்க்கான மருந்து, சில வெறும் திருநீறு.

தாமதம் எங்கே உட்கார்ந்திருக்கிறது

பட்டனை அழுத்தியதிலிருந்து திரையில் பலன் தெரியும் வரை நான்கு இடங்களில் நேரம் போகலாம். டிவியும் கண்ட்ரோலரும் ஒன்று. கன்சோலிலிருந்து ரௌட்டர் வரை உள்ள வீட்டுப் பாதை இரண்டாவது. ரௌட்டரும் மோடமும் வெளியே அனுப்பும் வாசல் மூன்றாவது. அதற்கப்பால் சர்வர் வரையுள்ள தூரம் நான்காவது.

தூரத்தை எந்த ரௌட்டரும் குறைக்காது. கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். ஆகவே 1,000 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் சர்வருக்குப் போய்த் திரும்பவே 10 மில்லிசெகண்ட் வேண்டும். கேபிள்கள் நேர்கோட்டில் போவதும் இல்லை, நடுவில் பல ரௌட்டர்களைத் தாண்ட வேண்டும், அதனால் நிஜத்தில் இன்னும் கூடும். கேமில் சர்வர் வட்டாரத்தைத் தேர்ந்தெடுக்க வழி இருந்தால் அருகிலுள்ளதைத் தேர்ந்தெடுங்கள். இந்த நான்காவது இடத்தில் நம் கைக்கு எட்டுவது பெரும்பாலும் அவ்வளவுதான்.

ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவுகோல்: விநாடிக்கு 60 ஃபிரேம் ஓடும் கேமில் ஒரு ஃபிரேமின் ஆயுள் 16.7 மில்லிசெகண்ட். பிங் 28-லிருந்து 31 ஆனால் யாருக்கும் தெரியாது. 28-க்கும் 400-க்கும் இடையே துள்ளினால் 20-க்கும் மேற்பட்ட ஃபிரேம்கள் காற்றில் போய்விட்டன. சராசரி பிங்கைவிட இந்தத் துள்ளல்தான் ஆட்டத்தைக் கெடுக்கிறது. இதை ஜிட்டர் என்பார்கள். எப்போதும் 60-லேயே நிற்கும் பிங்குக்குக் கை பழகிவிடும். 25-க்கும் 150-க்கும் நடுவே ஊஞ்சலாடும் பிங்குக்குப் பழகவே முடியாது.

பெரிய பிளான் ஏன் நினைத்த பலனைத் தருவதில்லை என்பதும் இதிலேயே இருக்கிறது. ஆன்லைன் ஆட்டம் ஓடும்போது போய்வருவது சின்னச் சின்ன பாக்கெட்டுகள், அதாவது தகவல் துண்டுகள். பெரும்பாலான கேம்களுக்கு 1 எம்பிபிஎஸ்கூடத் தேவைப்படாது. 100 எம்பிபிஎஸ் குழாயில் ஒரு நூலளவு தண்ணீர். குழாயை 300 ஆக்கினாலும் அந்த நூல் நூல்தான்.

வீட்டுக்குள் பாதை: கேபிளும் அதற்கு மாற்றுகளும்

இதில் ஒப்பீடே தேவையில்லை என்றுகூடச் சொல்லலாம். கேபிள்தான். சாதாரண கேட் 5இ கேபிளே 100 மீட்டர் வரை 1 ஜிபிபிஎஸ் தாங்கும். கன்சோல்களின் போர்ட்டும் அந்த அளவுதான், ஆகவே கேட் 8 என்று தங்க முலாம் பூசிய கேபிளுக்குக் காசைக் கொட்ட வேண்டாம். ரௌட்டருக்கும் கன்சோலுக்கும் இடையே தாமதம் ஒரு மில்லிசெகண்டுக்கும் கீழே இருக்கும். அதைவிட முக்கியம், அது துள்ளாது. பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ், சீரிஸ் எஸ் எல்லாவற்றிலும் லேன் போர்ட் உண்டு. நின்டெண்டோ ஸ்விட்ச்சில் மட்டும் கவனிக்க வேண்டும். 2017-ல் வந்த முதல் டாக்கில் (டிவியோடு இணைக்கும் தாங்கியில்) லேன் போர்ட் இல்லை, யூஎஸ்பி அடாப்டர் மாட்ட வேண்டும். 2021-ன் ஓஎல்இடி மாடல் டாக்கிலும், 2025-ல் வந்த ஸ்விட்ச் 2 டாக்கிலும் போர்ட் கூடவே வருகிறது.

வைஃபை ஏன் துள்ளுகிறது? கேபிளில் போவதும் வருவதும் ஒரே நேரத்தில் நடக்கும். வைஃபையில் ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். பேசுவதற்கு முன் யாராவது பேசுகிறார்களா என்று காது கொடுத்துக் கேட்க வேண்டும், கொஞ்சம் பொறுக்க வேண்டும், அப்புறம் பேச வேண்டும். பேச்சு மோதிக்கொண்டால் மறுபடி முதலிலிருந்து. பக்கத்து வீட்டு ரௌட்டர் அதே சேனலில் இருந்தால் அவர்களும் உங்கள் பந்தியில் உட்கார்ந்தவர்களே. பழைய, தூரத்தில் இருக்கிற, மெதுவான ஒரு போன் அதே தகவலை அனுப்ப அதிக நேரம் எடுத்துக்கொள்ளும். அந்த நேரம் முழுக்க உங்கள் கன்சோல் வாய் பொத்தி நிற்கும்.

கேபிள் இழுக்கவே வழியில்லை என்றால் 5 கிகாஹெர்ட்ஸ். 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டிப் போகும், உண்மைதான். ஆனால் அங்கே ஒன்றையொன்று தொடாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றே மூன்று. மைக்ரோவேவ் அடுப்பும் புளூடூத்தும் அதே அலைவரிசையில்தான் குடித்தனம். பிஎஸ்5-ன் கண்ட்ரோலரே புளூடூத்தில் பேசுவது என்பதை யோசித்துப் பாருங்கள். கன்சோலையும் 2.4-ல் விட்டால் கண்ட்ரோலரும் கன்சோலின் வைஃபையும் ஒரே அலைவரிசையில் தோள் இடித்துக்கொள்ளும். வேறு வழியே இல்லாமல் 2.4-ல்தான் இருக்க வேண்டும் என்றால் 1, 6, 11-ல் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸில் வையுங்கள். இரண்டுக்கும் நடுவில் காலியாக இருக்கிறதே என்று 3-லோ 4-லோ உட்கார்ந்தால் இரு பக்கத்துச் சத்தமும் காதில் விழும்.

5 கிகாஹெர்ட்ஸிலும் ஒரு பொறி உண்டு. 52 முதல் 144 வரையுள்ள சேனல்கள் ரேடார்களோடு பங்கு போட்டுக்கொள்ளும் சேனல்கள். ரேடார் சமிக்ஞை காதில் பட்டால் ரௌட்டர் அந்தச் சேனலை விட்டு உடனே வெளியேற வேண்டும் என்பது விதி. அப்படிப்பட்ட இன்னொரு சேனலுக்குப் போவதென்றால் குறைந்தது ஒரு நிமிடம் மௌனமாகக் கேட்டுவிட்டுத்தான் பேசத் தொடங்கலாம். ஆட்டத்தின் நடுவே காரணமே இல்லாமல் இணைப்பு அறுந்து, கொஞ்ச நேரத்தில் தானாகத் திரும்புகிறதென்றால் இதைச் சந்தேகப்படலாம். சேனலை 'ஆட்டோ'வில் விடாமல் 36 முதல் 48 வரை, அல்லது அனுமதி உள்ள இடங்களில் 149-க்கு மேலே நிறுத்தி வையுங்கள். அகலம் 80 மெகாஹெர்ட்ஸ் போதும். 160 போட்டால் 36-ல் தொடங்கினாலும் கால் நீண்டு ரேடார் சேனல்களுக்குள் போய்விடும். கூட்டம் அதிகமுள்ள அடுக்குமாடியில் நான் 40-க்கே இறங்குவேன். வேகம் குறையும், சண்டையும் குறையும்.

6 கிகாஹெர்ட்ஸ் ரௌட்டர் வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: 2020-ல் வந்த பிஎஸ்5 வைஃபை 6 வரையிலும், அதே ஆண்டின் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் வைஃபை 5 வரையிலும்தான் பேசும். அந்த இரண்டுக்கும் 6 கிகாஹெர்ட்ஸ் கண்ணில் படவே படாது. வைஃபை 7 உள்ள பிஎஸ்5 ப்ரோவின் கதை வேறு. மற்றவர்களுக்குக் கிடைப்பது மறைமுக லாபம்தான்: புதிய போன்களும் லேப்டாப்களும் 6-க்கு ஏறிக்கொண்டால் 5-ல் இடம் காலியாகும்.

கேபிளுக்கும் வைஃபைக்கும் நடுவே மூன்று சமரசங்கள் இருக்கின்றன. டிவிக்காகப் போட்ட கோஆக்ஸ் கேபிள் சுவருக்குள் இருந்தால், அதன் வழியே நெட் அனுப்பும் மோக்கா அடாப்டர் ஒரு ஜோடி வாங்குங்கள். சில மில்லிசெகண்ட் கூடும், ஆனால் நிலையாக நிற்கும். கேபிளுக்கு அடுத்த இடத்தை நான் இதற்குத்தான் தருவேன். மின்கம்பி வழியாக நெட் அனுப்பும் பவர்லைன் அடாப்டர் வீட்டுக்கு வீடு, ஏன், சாக்கெட்டுக்குச் சாக்கெட் மாறும். மோட்டார் ஓடினாலும் மட்டமான சார்ஜர் ஒன்றைச் செருகினாலும் அதன் காதில் இரைச்சல். திருப்பிக் கொடுக்க முடிந்தால் மட்டும் வாங்கிப் பாருங்கள். மூன்றாவது மெஷ், அதாவது வீட்டில் பல இடங்களில் பெட்டிகளை வைத்து வைஃபையைப் பரப்பும் ஏற்பாடு. டிவி பக்கத்தில் ஒரு மெஷ் பெட்டியை வைத்து, கன்சோலை அதில் கேபிளால் மாட்டிவிட்டு "கேபிளில்தான் விளையாடுகிறேன்" என்று சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பெட்டியிலிருந்து ரௌட்டருக்குப் போவது வைஃபைதானே! அந்த இரண்டு பெட்டிகளுக்கு நடுவே கேபிள் இருந்தால்தான் மெஷ் கேமிங்குக்கு உதவும்.

வாசலில் நிற்கும் வரிசை

இனி அக்கா வீட்டுக் கதைக்கு வருவோம். அங்கே கன்சோல் கேபிளில்தான் இருந்தது. ரௌட்டர் வரை 1 மில்லிசெகண்ட். ஆனாலும் பிங் 400-ஐத் தாண்டியது. வில்லன் வீட்டுப் பாதையில் இல்லை, வாசலில் இருந்தான்.

வீட்டுக்குள் பாதை 1,000 எம்பிபிஎஸ். வெளியே போகும் வாசல் 10 எம்பிபிஎஸ். உள்ளிருந்து வேகமாக வந்து சேரும் பாக்கெட்டுகள் வாசலில் ஒரு தேக்கத் தொட்டியில் காத்திருக்கும். அந்தத் தொட்டிக்குப் பெயர் பஃபர். போன் வீடியோவை ஏற்றத் தொடங்கியதும் தொட்டி நிறைகிறது. அப்போது கன்சோலிலிருந்து கிளம்பும் சின்ன பாக்கெட் அந்த வரிசையின் கடைசியில் போய் நிற்க வேண்டும். கணக்கு எளிது. தொட்டியில் அரை மெகாபைட் நின்றால் அது 4 மெகாபிட். 10 எம்பிபிஎஸ் வாசலில் அது வடிய 400 மில்லிசெகண்ட். லேப்டாப்பில் நான் பார்த்த எண் கிட்டத்தட்ட அதேதான். பல்பொருள் அங்காடியில் ஒரே ஒரு சீப்பு வாங்கியவர், மூன்று தள்ளுவண்டி நிறையச் சாமான் வைத்திருப்பவருக்குப் பின்னால் நிற்கிற கதை.

போன் ஏன் அவ்வளவையும் ஒரேயடியாகத் தள்ளுகிறது? அதன் மேல் தப்பில்லை. டிசிபி என்கிற நெறிமுறை பாக்கெட் தொலைந்தால்தான் "வழியில் நெரிசல், மெதுவாக அனுப்பு" என்று புரிந்துகொள்ளும். 1986-ல் இணையம் நெரிசலில் குப்புற விழுந்தபோது, 400 கஜ தூரமே உள்ள இரண்டு இடங்களுக்கிடையே வேகம் விநாடிக்கு 32,000 பிட்டிலிருந்து 40 பிட்டாகச் சரிந்ததைப் பார்த்துவிட்டு வலையமைப்பு ஆய்வாளர் வான் ஜேக்கப்சன் 1988-ல் எழுதிய வைத்தியம் அது. பிறகு நினைவக சில்லு மலிந்ததும் மோடம் செய்பவர்கள் ஒரு பாக்கெட்டும் தொலையக்கூடாது என்று தொட்டியைப் பெரிதாக்கிக்கொண்டே போனார்கள். பாக்கெட் தொலையவில்லை, அனுப்புகிறவருக்கு நெரிசலும் தெரியவில்லை, வரிசை மட்டும் நீண்டது. 2010 வாக்கில் நிரலாளர் ஜிம் கெட்டிஸ் தன் வீட்டு இணைப்பிலேயே இதைக் கண்டுபிடித்துப் பஃபர்புளோட் என்று பெயர் வைத்தார். வீங்கிய தொட்டி என்று சொல்லலாம்.

இதைச் சமாளிக்க நான்கு வழிகள் இருக்கின்றன.

ஒன்று, பெரிய பிளான். இதில் அரை உண்மை இருக்கிறது. அதே அரை மெகாபைட் தொட்டி 100 எம்பிபிஎஸ் வாசலில் 40 மில்லிசெகண்டில் வடிந்துவிடும். ஆனால் விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடுவது டவுன்லோடு வேகம். உங்களுக்குத் தேவை அப்லோடு. 100/10-லிருந்து 300/10-க்கு மாறினால் அக்கா போன் விஷயத்தில் அணுவும் அசையாது. ஏறவும் இறங்கவும் ஒரே வேகமுள்ள ஃபைபர் கிடைத்தால் அது நிஜமான முன்னேற்றம்.

இரண்டு, வீட்டு ஒழுங்கு. கன்சோல் அப்டேட்டை ஓய்வு நிலையில் அதிகாலையில் இறங்க விடுவது, போட்டோ பேக்கப்பை நேரம் பார்த்து ஓட விடுவது, கண்காணிப்புக் கேமரா தொடர்ந்து ஏற்றாமல் அசைவு தெரிந்தால் மட்டும் ஏற்றும்படி வைப்பது. காசு செலவில்லை, பலனும் உண்டு. ஆனால் வீட்டில் நான்கு பேர் இருந்தால் ஒரு வாரம்தான் தாங்கும்.

மூன்று, ரௌட்டரில் வரும் சாதாரண க்யூஓஎஸ். சாதனங்களின் பட்டியலில் கன்சோலை இழுத்து மேலே போட்டால் 'முன்னுரிமை' என்று பச்சை விளக்கு எரியும். பார்க்க ஆறுதலாக இருக்கும். ஆனால் வரிசை ரௌட்டரில் நின்றால்தான் ரௌட்டரால் ஆளை முன்னே விட முடியும். வரிசை மோடத்தில் நிற்கிறதே! கோயிலுக்குள் கூட்டம் தேங்கி நிற்க, வெளிவாசலில் நின்று ஒழுங்குபடுத்துவது போல. மேல்வேகம், கீழ்வேகம் என்று இரண்டு கட்டங்களை அந்தப் பக்கத்தில் காலியாக விட்டிருந்தால் பல ரௌட்டர்களில் அது ஒன்றுமே செய்யாது. இன்னொரு சங்கடமும் உண்டு. கன்சோலுக்கே முன்னுரிமை கொடுத்துவிட்டு, அதே கன்சோல் 80 ஜிபி அப்டேட்டை இறக்க ஆரம்பித்தால் வீடே அதற்குப் பின்னால் வரிசையில் நிற்கும்.

நான்கு, எஸ்க்யூஎம் என்கிற வரிசை மேலாண்மை. என் ஓட்டு இதற்குத்தான். இது இரண்டு காரியம் செய்கிறது. முதலில், ரௌட்டரின் வேகத்தை உண்மையான வேகத்துக்கு ஒரு பிடி கீழே வைத்து, வரிசையை மோடத்திலிருந்து பிடுங்கித் தன் கைக்குக் கொண்டுவருகிறது. அப்புறம், ஒவ்வொரு உரையாடலுக்கும் தனி வரிசை போடுகிறது. அக்கா போனின் வீடியோவுக்கு ஒன்று, கன்சோல் ஆட்டத்துக்கு ஒன்று. ஒல்லியான வரிசையில் வருபவர் உடனே உள்ளே போய்விடுவார். குண்டு வரிசையில் காத்திருப்பு 5 மில்லிசெகண்டுக்கு மேலேயே நின்றுகொண்டிருந்தால் ஒரு பாக்கெட்டைக் கைவிட்டு, மெதுவாக அனுப்பச் சொல்லி டிசிபிக்குப் புரியவைக்கும். இதில் கன்சோல் எது, போன் எது என்று நீங்கள் சொல்லவே வேண்டியதில்லை. கன்சோலின் அப்டேட் குண்டு வரிசையிலும் கன்சோலின் ஆட்டம் ஒல்லி வரிசையிலும் தானாகவே விழும். இதற்கு அடிப்படையான கோடல் முறையை 2012-ல் வெளியிட்டவர்கள் கேத்லீன் நிக்கோல்ஸும் அதே வான் ஜேக்கப்சனும். தனித்தனி வரிசையைச் சேர்த்து எஃப்க்யூ-கோடல் வந்தது. இன்னும் மெருகேறிய கேக் 2018-ல் லினக்ஸ் 4.19-ல் சேர்ந்தது.

எல்லா ரௌட்டரிலும் இது கிடையாது. ஓப்பன்டபிள்யூஆர்டி என்கிற மாற்று மென்பொருளைப் போட முடிகிற ரௌட்டரில் உண்டு. மைக்ரோடிக்கின் ரௌட்டர்ஓஎஸ் 7-ல் உண்டு. யூபிக்விட்டியில் 'ஸ்மார்ட் க்யூஸ்' என்ற பெயரில் இருக்கும். ஈரோவில் கான்ஃபரன்ஸுக்கும் கேமிங்குக்குமான ஒரு சுவிட்சாக ஒளிந்திருக்கும். பெட்டியில் 'கேமிங்' என்று எழுதியிருக்கிறதா என்று பார்ப்பதைவிட, உள்ளே எஃப்க்யூ-கோடலோ கேக்கோ இருக்கிறதா என்று பாருங்கள். எட்டு ஆண்டெனாவும் சிவப்பு விளக்கும் இதைச் செய்யாது.

வைக்கும் முறை: வீட்டில் யாரும் நெட்டைத் தொடாத நேரத்தில் கேபிளில் நாலைந்து முறை ஸ்பீடு டெஸ்ட் ஓட்டுங்கள். வந்ததில் குறைந்ததை எடுத்து அதில் 90 சதவீதத்தை எஸ்க்யூஎம்மில் போடுங்கள். பிறகு ஒரு பெரிய ஃபைலை கிளவுடில் ஏற்றிக்கொண்டே பிங்கைப் பாருங்கள். இன்னும் துள்ளினால் 85-க்கு இறக்குங்கள். துள்ளவில்லையென்றால் 95 வரை ஏற்றிப் பாருங்கள். அக்கா வீட்டில் பழைய ரௌட்டர் ஒன்று அலமாரியில் கிடந்தது. அதில் ஓப்பன்டபிள்யூஆர்டி ஏற்றி அப்லோடை 9 எம்பிபிஎஸ் என்று வைத்தேன். வீடியோ ஏறும்போது பிங் 28-லிருந்து 34 வரை போனது, அதற்கு மேல் போகவில்லை. வீடியோ ஏற ஒரு நிமிடம் கூடுதலாக எடுத்திருக்கலாம். அக்கா கவனிக்கவே இல்லை.

இதற்கும் விலை உண்டு. எஸ்க்யூஎம் ஓடும்போது ரௌட்டரின் பிராசஸர் ஒவ்வொரு பாக்கெட்டையும் தொட வேண்டும், வன்பொருள் குறுக்குவழி பயன்படாது. மலிவான ரௌட்டரில் 1 ஜிபிபிஎஸ் இணைப்பு சில நூறு எம்பிபிஎஸ்ஸாகக் குறைந்துவிடும். அப்படிப்பட்ட வேகமான, சமச்சீர் ஃபைபர் உள்ளவர்கள் முதலில் சோதித்துப் பாருங்கள். பளு ஏற்றியும் பிங் துள்ளவில்லையென்றால் எதையும் தொடாதீர்கள். மொபைல் சிக்னலில் ஓடும் வீட்டு இணைப்பில் வேகம் நிமிடத்துக்கு நிமிடம் மாறும் என்பதால் ஒரே எண்ணைப் போட்டு வைப்பது கடினம். குறைவாக வைத்துப் பொறுத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

நேட் டைப்: வேறு நோய், வேறு மருந்து

வீட்டுச் சாதனங்கள் எல்லாம் ஒரே வெளிமுகவரியைப் பகிர்ந்துகொள்ள ரௌட்டர் செய்யும் வேலைதான் நேட். வெளியிலிருந்து வருபவை எவ்வளவு தாராளமாக உள்ளே வரலாம் என்பதைச் சொல்வது நேட் டைப். பிங் எகிறுவதற்கும் நேட் டைப்புக்கும் பெரும்பாலும் சம்பந்தமில்லை. நண்பனின் பார்ட்டியில் சேர முடியவில்லை, குரல் கேட்கவில்லை, ஆட்டம் தேடித்தேடி ஆள் கிடைக்கவில்லை என்றால்தான் இங்கே வர வேண்டும். எக்ஸ்பாக்ஸில் ஓப்பன், மாடரேட், ஸ்ட்ரிக்ட். பிளேஸ்டேஷனில் 1, 2, 3. நின்டெண்டோவில் ஏ, பி என்று எழுத்துகள். பிளேஸ்டேஷனில் 2 வந்தாலே போதும். 1 வரவில்லையே என்று இரவு முழுக்க உட்கார்ந்திருப்பவர்கள் தூங்கப் போகலாம்.

ரௌட்டரில் போர்ட் என்னும் கதவுகளைத் திறக்க மூன்று வழிகள்: கன்சோலே கேட்டுத் திறந்துகொள்ளும் யுபிஎன்பி, நாமே திறந்துவிடும் போர்ட் ஃபார்வர்டிங், ஒரு சாதனத்துக்கு எல்லாக் கதவையும் திறந்துவிடும் டிஎம்இசட். மூன்றில் எது? வீட்டில் இரண்டு கன்சோல் இருந்தால் யுபிஎன்பிதான் வசதி, ஆளுக்கொரு போர்ட்டை அதுவே திறந்து மூடும். ஆனால் வீட்டுக்குள் இருக்கும் எந்தச் சாதனம் கேட்டாலும் கதவைத் திறந்துவிடும் வாட்ச்மேன் அது. 2013-ல் ரேபிட்7 நடத்திய ஆய்வில் இணையத்தின் பக்கமிருந்து வந்த யுபிஎன்பி கேள்விக்கே பதில் சொன்ன முகவரிகள் 8 கோடிக்கும் மேல். ரௌட்டர் ஃபர்ம்வேரைப் புதுப்பித்து வைத்திருந்தால், மலிவான கேமரா, பிளக் போன்றவை வீட்டில் அதிகம் இல்லையென்றால் நான் யுபிஎன்பியையே வைத்துக்கொள்வேன். ஒரே கன்சோல், மனம் ஒப்பவில்லை என்றால் கன்சோலுக்கு நிலையான ஐபியை ரிசர்வ் செய்து, தேவையான போர்ட்டை மட்டும் திறங்கள். எக்ஸ்பாக்ஸுக்கு முக்கியமானது யுடிபி 3074. யுபிஎன்பியையும் போர்ட் ஃபார்வர்டிங்கையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். டிஎம்இசட் கடைசி. கன்சோலை வைத்தாலாவது பரவாயில்லை, கணினியை அதில் வைக்கவே கூடாது.

இதற்கெல்லாம் முன்னால் ரௌட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் வெளிமுகவரியைப் பாருங்கள். 100.64-லிருந்து 100.127-க்குள் தொடங்கினால் சேவை நிறுவனமே உங்களைப் பலரோடு ஒரே முகவரியின் பின்னால் அடைத்திருக்கிறது. நீங்கள் திறக்கும் போர்ட் உங்கள் வீட்டு உள்கதவு மட்டும்தான், தெருக்கதவின் சாவி அவர்களிடம். பொது ஐபி கேளுங்கள், அல்லது புதிய முகவரி முறையான ஐபிவி6 இருந்தால் இயக்குங்கள். 192.168 என்றோ 10 என்றோ தொடங்கினால் பெரும்பாலும் அவர்கள் கொடுத்த பெட்டியும் உங்கள் ரௌட்டரும் இரண்டுமே நேட் செய்கின்றன. ஒன்றைப் பிரிட்ஜ் மோடில் போட்டு, நேட் செய்யாமல் வெறும் பாலமாக இருக்க விடுங்கள்.

மீதி இருப்பவை

டிஎன்எஸ் மாற்றினால் பிங் குறையாது. பெயரை எண்ணாக மாற்றுவதோடு அதன் வேலை முடிந்தது, ஆட்டத்தின் பாக்கெட்டுகள் அந்தப் பக்கமே போவதில்லை. ஒரு பாக்கெட்டின் உச்ச அளவான எம்டியூவையும் விட்டுவிடுங்கள். வழக்கமாக அது 1500 பைட், பயனர்பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் பிபிபிஓஇ இணைப்பென்றால் 1492. எக்ஸ்பாக்ஸ் எம்டியூ பிழை காட்டினால் மட்டும் பாருங்கள், அதற்குக் குறைந்தது 1384 வேண்டும். கேமிங்குக்காக, வைஃபையில் பாக்கெட்டுகளுக்கு முன்னுரிமை பிரிக்கும் டபிள்யூஎம்எம்-ஐ அணைக்கச் சொல்லும் அறிவுரையைக் கேட்காதீர்கள். அணைத்தால் வைஃபை 54 எம்பிபிஎஸ்ஸில் நொண்டும்.

இவ்வளவும் முடித்து ஊர் திரும்பிய நாலாம் நாள் அக்கா மகன் கூப்பிட்டான்.

"மாமா, பிங் 30-லயே நிக்குது. ஆனா அடிக்கிறது இன்னும் கொஞ்சம் லேட்டாதான் விழுது."

"ஆஃப்லைன்ல விளையாடினா?"

யோசித்தான். "அதுலயும் அப்படித்தான்."

நான்கு இடங்களில் முதலாவதை நாங்கள் இருவரும் மறந்தே போயிருந்தோம். டிவி படத்தை மெருகேற்றும் வேலையிலேயே பல பத்து மில்லிசெகண்டுகளைத் தின்னும். சில டிவிகளில் அது 100-ஐயும் தாண்டும். புதிய டிவிகள் கன்சோல் மாட்டியதைப் பார்த்ததும் தாமாகவே கேம் மோடுக்கு மாறும். அத்தானின் டிவி அந்தத் தலைமுறை இல்லை.

"டிவி செட்டிங்ஸ்ல பிக்சர் மோடுக்குப் போ. கேம்னு ஒண்ணு இருக்கா பாரு."

ரிமோட் பட்டன் சத்தம் கேட்டது. "இருக்கு. போட்டுட்டேன். கலர் ஒரு மாதிரி வெளுத்துப் போச்சே மாமா?"

"ஒரு மேட்ச் ஆடிட்டுச் சொல்லு."

வைத்துவிட்டான். பதினொரு மணிக்கு அக்காதான் கூப்பிட்டாள், இவன் இன்னும் தூங்கப் போகவில்லை என்று.